ஃப்ராஸ்ட் கவிதையைப் பதினாறு வரியாகவே போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நேரு நினைவு நாளை ஒட்டி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1964 மே 27 அன்று நேரு காலமானபோது, அவர் பக்கத்தில் இருந்த குறிப்பேட்டில் அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்டின் நான்கு வரிகள் நேருவின் கையெழுத்திலேயே இருந்தன என்ற செய்தியைச் சொல்லி, அந்த நான்கு வரிகளையும் கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். வருஷா வருஷம் வருகிற செய்திதான், அதில் குறை இல்லை. ஆனால் கட்டுரையாளர் அதோடு விடவில்லை. கடைசி வரியைக் கவிஞர் இரண்டு தடவை சொல்வது வெறும் அழுத்தத்துக்காக என்று ஒரு போடு போட்டிருக்கிறார். நம் யாப்பைப் போல எந்தக் கட்டுப்பாடும் இல்லாத எளிய பாட்டு என்று அடுத்த போடு. முதலாவது பாதி சரி. இரண்டாவது முழுக்கத் தப்பு. அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கவிஞனும் இல்லை, ஆங்கில வாத்தியாரும் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்ஸ் அச்சடிக்கும் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்து ஓய்வு பெற்றவன். தமிழ் நோட்ஸ், ஆங்கில நோட்ஸ் இரண்டுமே என் மேசைக்குத்தான் வரும். அந்தக் காலத்தில் மூலத்தைச் சத்தமாக வாசிக்க ஒரு பையன் எதிரில் உட்கார்ந்திருப்பான். கமா, ஃபுல்ஸ்டாப் உட்பட எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்வான். நான் அச்சுத்தாளைப் பார்த்துக்கொண்டே கேட்பேன். பாட்டைக் கண்ணால் படிக்கிறவர்களுக்குத் தப்பிப் போகிற சில சங்கதிகள் காதில் விழுந்தது அதனால்தான்.

கட்டுப்பாடு இல்லாத பாட்டு என்று சொன்னார் அல்லவா, அதன் கட்டுப்பாட்டைப் பார்ப்போம். "ஸ்டாப்பிங் பை வுட்ஸ் ஆன் எ ஸ்னோயி ஈவ்னிங்" என்பது கவிதையின் பெயர். பத்திக்கு 4 வரி, 4 பத்தி, ஆக 16 வரி. பனி கொட்டுகிற ஒரு மாலையில் குதிரை வண்டியில் போகிறவன், யாரோ ஒருவருக்குச் சொந்தமான காட்டோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, காடு பனியால் நிரம்புவதைப் பார்க்கிறான். பக்கத்தில் வீடு வாசல் இல்லாத இடத்தில் எதற்கு நின்றோம் என்று குதிரைக்குப் புரியவில்லை. சேணத்து மணியை ஆட்டிப் பார்க்கிறது. காடு அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் கொடுத்த வாக்கு இருக்கிறது, தூங்கும் முன் போக வேண்டிய தூரம் இருக்கிறது என்கிறான். கதை இவ்வளவுதான்.

இப்போது அசைக்கணக்கு. தமிழில் குறிலா நெடிலா, பின்னால் ஒற்று வருகிறதா என்று பார்த்து நேர், நிரை என்று பிரிக்கிறோம். ஆங்கிலத்தில் அந்தக் கணக்கு செல்லாது. குரல் எந்த இடத்தில் அழுந்துகிறது, எந்த இடத்தில் லேசாகப் போகிறது என்பதுதான் அங்கே கணக்கு. லேசாக ஓர் அசை, அடுத்து அழுத்தமாக ஓர் அசை, இரண்டும் சேர்ந்தால் ஒரு சீர். அதற்கு ஐயாம்ப் என்று பெயர். அப்படி நான்கு சீர் வந்தால் ஐயாம்பிக் டெட்ராமீட்டர். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் நாற்சீரடி, அளவடி. முதல் வரியைத் தொடையில் தட்டிக்கொண்டே சொல்லிப் பாருங்கள்: "ஹூஸ் வுட்ஸ் தீஸ் ஆர் ஐ திங்க் ஐ நோ." வுட்ஸ், ஆர், திங்க், நோ ஆகிய நான்கில் தட்டு விழும். எட்டு அசை, எட்டும் தனித்தனிச் சொல். இந்த எட்டு 16 வரியிலும் மாறவே மாறாது. ஒரு வரியில் ஏழு, ஒரு வரியில் ஒன்பது என்று எங்கேயும் இல்லை. ஷேக்ஸ்பியரின் "டு பி ஆர் நாட் டு பி" வரியிலேயே பத்துக்கு மேல் ஓர் அசை தொங்கும். ஃப்ராஸ்ட் இந்தப் பாட்டில் அந்தச் சலுகையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

கணக்கு இவ்வளவு கறாராக இருந்தால் பாட்டு தாலாட்டு மாதிரி ஒரே ஆட்டமாகப் போய்விடாதா என்று கேட்கலாம். போகவில்லை. நாலாவது வரியைக் கவனியுங்கள்: "டு வாட்ச் ஹிஸ் வுட்ஸ் ஃபில் அப் வித் ஸ்னோ." கணக்குப்படி ஃபில் என்ற அசை லேசாக வர வேண்டும். ஆனால் யாராலும் அதை லேசாகச் சொல்ல முடியாது. வுட்ஸ், ஃபில், அப் மூன்றும் அடுத்தடுத்து கனமாக விழுகின்றன. எட்டு எட்டாகவே இருக்கிறது, ஓட்டம் மட்டும் தளர்ந்துவிடுகிறது. காட்டில் பனி சேர்கிறது என்று சொல்லும் இடத்தில் அசைகளும் ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்கின்றன.

இதற்கு நேர் எதிர் 14-ஆம் வரி: "பட் ஐ ஹாவ் ப்ராமிசஸ் டு கீப்." பாட்டு முழுவதையும் சல்லடை போட்டுத் தேடினாலும் மூன்று அசை உள்ள சொல் இந்த ப்ராமிசஸ் ஒன்றுதான். மற்றதெல்லாம் ஓரசை, ஈரசைச் சொற்கள். அதுவும் எந்த இடத்தில் வருகிறது பாருங்கள். அதற்கு முந்திய வரியில் லவ்லி, டார்க், டீப் என்று காட்டுக்குள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்த குரல், வாக்குறுதி நினைவுக்கு வந்ததும் வேகம் எடுக்கிறது. கணக்குப்படி ப்ராமிசஸின் கடைசி அசையில் ஒரு தட்டு விழ வேண்டும். வாய் அதை விழவிடாது. நான்கு தட்டுள்ள வரி, மூன்று தட்டுபோல வழுக்கிக்கொண்டு ஓடும். காட்டை விட்டுக் கிளம்பத் தயாரான ஆளின் குரல் அந்த வரியில் கேட்கிறது.

சரி, இயைபுக்கு, அதாவது வரிகளின் கடைசி ஓசை ஒத்து வருவதற்கு, வருவோம். உண்மையில் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது இதுதான்.

வரி முடியும் ஓசைக்கு க, ச, ட, த என்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பத்தி நோ, தோ, ஹியர், ஸ்னோ என்று முடிகிறது. க, க, ச, க. மூன்றாவது வரி மட்டும் சேராமல் நிற்கிறது. இது ஃப்ராஸ்ட் கண்டுபிடித்த அமைப்பு இல்லை. பாரசீகத்து ருபாய் என்ற நாலடிப் பாட்டின் அமைப்பு. 1859-இல் எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு உமர் கய்யாமை ஆங்கிலமாக்கியபோது அதை ஐந்து சீர் வரியில் கொண்டுவந்தார். ஃப்ராஸ்ட் ஒரு சீரைக் குறைத்துக்கொண்டார்.

அதே ஃபிட்ஸ்ஜெரால்டு வழியாகத்தான் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையும் உமர் கய்யாமைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். ஆனால் க, க, ச, க என்ற அந்த அமைப்பு நமக்கு வந்து சேரவில்லை. அது அவசியம் என்று கவிமணி நினைக்கவில்லை, நினைக்காததும் நல்லதுதான். "வெய்யிற் கேற்ற நிழலுண்டு, வீசும் தென்றல் காற்றுண்டு, கையில் கம்பன் கவியுண்டு" என்று அவர் விருத்தத்தில் இறங்கிவிட்டார். வெய்யில், கையில், தெய்வம், வையம் என்று அடியின் தலைப்பக்கம் எதுகை. வெய்யிலுக்கு வீசும், கையிலுக்குக் கலசம் என்று பாதி அடிக்கு ஒரு மோனை. உண்டு, உண்டு என்று வாலில் வருகிற இயைபு ஓர் உபரி அழகு. நமக்குத் தலைதான் முக்கியம், ஆங்கிலக்காரர்களுக்கு வால். தமிழ்க் காதோடு ஃப்ராஸ்டைப் படித்தால் கட்டுப்பாடே இல்லை என்று தோன்றக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். எதுகையைத் தேடி வரியின் முன்பக்கம் பார்ப்போம். அங்கே ஒன்றும் இருக்காது.

ருபாயில் ஒவ்வொரு பாட்டும் தனித்தனி. சேராமல் நிற்கும் மூன்றாவது வரி அங்கேயே அநாதையாக முடிந்துவிடும். ஃப்ராஸ்ட் செய்தது என்னவென்றால், அந்த அநாதை வரியை அடுத்த பத்திக்குத் தலைவன் ஆக்கினார். ஹியர் என்று முடிந்த வரியைப் பிடித்து, இரண்டாம் பத்தி க்வியர், நியர், லேக், இயர். ச, ச, ட, ச. இப்போது லேக் தனியாக நிற்கிறது. மூன்றாம் பத்தி ஷேக், மிஸ்டேக், ஸ்வீப், ஃப்ளேக். ட, ட, த, ட. இப்போது ஸ்வீப். நமக்கு இது புதுசு இல்லை. அந்தாதி கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தாதியில் பாட்டின் கடைசிச் சொல்லோ சீரோ அடுத்த பாட்டுக்கு முதலாக நிற்கும். இங்கே சொல் போகாமல் ஓசை மட்டும் போகிறது, அதுவும் கடைசி வரியிலிருந்து இல்லை, கடைசிக்கு முந்திய வரியிலிருந்து. இத்தாலியில் தாந்தே தம் பெருங்காவியத்தை மூன்று மூன்று அடியாக இப்படித்தான் பின்னினார். ஒவ்வொரு மூன்றடியின் நடு வரியும் அடுத்த மூன்றடிக்கு ஓசை கொடுக்கும்.

நான் வேலை பார்த்த இடத்தில் ஆங்கில நோட்ஸ் ஒன்றில் இந்தக் கவிதையின் நான்கு பத்திக்கும் சேர்த்து ஏஏபிஏ என்று ஒரே வரியில் போட்டிருந்தார்கள். நான் புரூஃபின் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு அனுப்பினேன். தொகுத்தவர் நேரில் வந்து, "சார், ரைம் ஸ்கீம் கேட்டா ஏஏபிஏன்னு எழுதினா முழு மார்க். அதுக்கு மேல யார் பார்க்கிறா?" என்றார். அப்படியே அச்சாகிவிட்டது. இன்றைக்கு நாற்பது ஐம்பது வயதில் இருக்கும் எத்தனையோ பேர் அதைத்தான் மனப்பாடம் செய்திருப்பார்கள். உங்கள் கட்டுரையாளர் அதில் ஒருவராக இருந்தாலும் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இப்படி ஓசையைக் கைமாற்றிக்கொண்டே போகிற பாட்டை எப்படி முடிப்பது? இதுதான் சிக்கல். மூன்றாவது வரி புது ஓசையைத் தொடங்கினால் அதற்கு அடுத்த பத்தி வேண்டும். அந்தப் பத்தியின் மூன்றாவது வரிக்கு இன்னொரு பத்தி. முடிவே கிடையாது. தாந்தே ஒவ்வொரு காண்டத்தின் முடிவிலும் தனியாக ஒரு வரி சேர்த்து முடிச்சுப் போட்டார். நம் அந்தாதிக்காரர்கள் வட்டமாக்கினார்கள். "உதிக்கின்ற செங்கதிர்" என்று தொடங்கும் அபிராமி அந்தாதியின் நூறாவது பாட்டு "உதிக்கின்றனவே" என்றுதான் முடியும். ஃப்ராஸ்டும் வட்டமாக்கியிருக்கலாம். கடைசிப் பத்தியின் மூன்றாவது வரியை நோ, தோ, ஸ்னோ ஓசையில் முடித்திருந்தால் பாட்டு தொடங்கிய இடத்துக்கே திரும்பியிருக்கும். ஆனால் இவன் திரும்பிப் போகிறவன் இல்லையே. முன்னால் போக வேண்டியவன்.

ஃப்ராஸ்டின் கையெழுத்துப் பிரதி ஒன்று மாசசூசெட்ஸின் ஆமெர்ஸ்ட் ஊர் ஜோன்ஸ் நூலகத்தில் இருக்கிறது. அதில் கடைசிப் பத்தியின் மூன்றாவது வரியை அவர் முதலில் "தட் பிட் மி ஆன், அண்ட் தேர் ஆர் மைல்ஸ்" என்று எழுதி அடித்திருக்கிறார். போகச் சொல்லி அழைக்கும் வாக்குறுதிகள், இன்னும் எத்தனையோ மைல்கள் என்று பொருள். பொருளில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மைல்ஸ் என்று முடித்தால் ஐந்தாம் பத்தி வேண்டும், அதில் ஸ்மைல்ஸ், வைல்ஸ் என்று எதையாவது தேட வேண்டும். அடித்துவிட்டு, வரியின் வாலில் கிடந்த மைல்ஸைத் தூக்கி முன்னால் வைத்தார்: "அண்ட் மைல்ஸ் டு கோ பிஃபோர் ஐ ஸ்லீப்." வால் ஸ்லீப் ஆகிவிட்டது. டீப், கீப், ஸ்லீப். மூன்று பத்தியாக, மூன்றாவது வரி வந்தால் புது ஓசை வரும் என்று பழகிப்போன காது இங்கேயும் அதைத்தான் எதிர்பார்க்கிறது. வரவில்லை. சங்கிலி நின்றுபோகிறது. அப்புறம் நாலாவது வரிக்கு அதே வரியையே மறுபடி வைக்கிறார். த, த, த, த.

நாலாவது வரிக்கு ஈப் ஓசையில் வேறு ஒரு வரி எழுத ஃப்ராஸ்டுக்கு முடியாதா? முடியும். ஆனால் வேறு வரி என்றால் வேறு சேதி. அதே வரி திரும்ப வருவதால் சேதி நின்றுவிடுகிறது, குரல் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. அழுத்தம் என்று கட்டுரையாளர் சொன்னதைப் பாதி சரி என்றேனே, அது இதனால்தான். அழுத்தம் இருக்கிறது. ஆனால் அந்த அழுத்தம் அதற்கு முந்திய 12 வரியின் பின்னலால் வருகிறது. கடைசி நாலு வரியை மட்டும் கட்டம் கட்டிப் போட்டால், படிக்கிறவருக்கு டீப், கீப், ஸ்லீப், ஸ்லீப் என்று ஒரே ஓசையில் நாலு வரி கிடைக்கும். எதை எதிர்பார்த்து ஏமாந்தோம் என்பதே அவருக்குத் தெரியாது.

இரண்டாவது ஸ்லீப் மரணம்தான் என்று நோட்ஸ்காரர்கள் எல்லோரும் எழுதுவார்கள். ஃப்ராஸ்ட் அதை ஒத்துக்கொள்ளவே இல்லை. கேட்டவர்களிடம் எரிந்து விழுந்திருக்கிறார். அவர் சொன்னதற்காக அப்படியே நம்ப வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே மூச்சில் சிரமமில்லாமல் எழுதியது என்று இதே பாட்டைப் பற்றிச் சொன்னவரும் அவர்தான். மேலே சொன்ன அடித்தல் திருத்தலைப் பார்த்தால் மூச்சு நடுவில் சில தடவை வாங்கியிருக்கிறார் என்று தெரிகிறது. ஆனால் எழுதிய நேரம் பற்றிய கதை சுவாரசியமானது. 1922 ஜூன். வெர்மான்ட் மாநிலம், ஷாஃப்ட்ஸ்பரியில் அவருடைய கல் வீடு. "நியூ ஹாம்ப்ஷயர்" என்ற நீண்ட கவிதையோடு ராத்திரி முழுக்க மல்லுக்கட்டியிருக்கிறார். அது ஐந்து சீர், இயைபே கிடையாது. விடிந்ததும் வெளியே வந்து சூரியனைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் இந்தப் பனிக்காலப் பாட்டை எழுதினார். "த டார்க்கெஸ்ட் ஈவ்னிங் ஆஃப் த இயர்", வருஷத்திலேயே மிக இருண்ட மாலை, என்ற வரி ஜூன் மாதத்து விடியற்காலையில் எழுதியது. இரவெல்லாம் இயைபில்லாமல் எழுதிய கை, விடிந்ததும் இவ்வளவு இறுக்கமான கட்டுக்குள் போய் உட்கார்ந்ததில் எனக்கு ஒரு நியாயம் தெரிகிறது. கட்டற்ற கவிதை எழுதுவது வலையை இறக்கிவிட்டு டென்னிஸ் ஆடுவதற்குச் சமம் என்று சொன்ன ஆள் அவர். அவர் பாட்டைப் போய் கட்டுப்பாடு இல்லாதது என்றால் எப்படி?

அந்தக் கட்டு எவ்வளவு உறுதியானது என்பதற்கு ஒரு சாட்சி. எரிக் விட்டேகர் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் இந்தக் கவிதையைச் சேர்ந்திசையாக மெட்டமைத்தார். ஃப்ராஸ்டின் உரிமைதாரர்கள் அனுமதி தர மறுத்துவிட்டார்கள். மெட்டை வீணாக்க மனமில்லை. சார்லஸ் அந்தோனி சில்வெஸ்ட்ரி என்ற நண்பரிடம் சொல்லி, ஃப்ராஸ்டின் அசைக்கணக்குக்கே புது வரிகள் எழுத வைத்தார். கடைசியில் வரும் ஸ்லீப் என்ற சொல்லை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். பாட்டின் பெயரே "ஸ்லீப்" ஆகிவிட்டது. இன்றைக்கு உலகம் முழுக்கப் பாடுகிறார்கள். மெட்டுக்குப் பாட்டு எழுதுவதை நாள்தோறும் பார்க்கிற நமக்கு இதில் அதிசயம் இல்லை. ஆனால் கட்டுப்பாடு இல்லாத பாட்டு என்றால் இந்த மாற்றல் நடந்தே இருக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், தொழில் புத்தி விடாது. கட்டத்துக்குள் 13-ஆம் வரியை "லவ்லி, டார்க், அண்ட் டீப்" என்று இரண்டு கமா போட்டு அச்சடித்திருக்கிறீர்கள். ஃப்ராஸ்ட் போட்டது லவ்லிக்குப் பின்னால் ஒன்றே ஒன்று. டார்க்குக்குப் பின்னால் உள்ளது, அவர் 1963-இல் காலமான பிறகு, 1969-இல் வந்த தொகுப்பில் பதிப்பாசிரியர் எட்வர்ட் லாதம் சேர்த்தது. அதற்குப் பெரிய சண்டையே நடந்தது. ஒரு கமாவோடு படித்தால் இருட்டும் ஆழமும்தான் அந்தக் காட்டின் அழகு என்று தொனிக்கும். இரண்டு கமா போட்டால் அழகு, இருட்டு, ஆழம் என்று மளிகைப் பட்டியல் மாதிரி ஆகிவிடும். எதிரில் உட்கார்ந்து வாசிக்கிற பையன் டார்க்குக்கு அப்புறம் கமா என்று சொல்லியிருந்தால் நான் நிறுத்தி மூலத்தைக் காட்டச் சொல்லியிருப்பேன்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். நவம்பர் 14 வரும்போது எப்படியும் நேருவையும் இந்த வரிகளையும் மறுபடி எடுப்பீர்கள். அப்போது 16 வரியையும் போடுங்கள். ஒரு பத்தி இடம்தான் பிடிக்கும். இடம் பற்றாவிட்டால் நேருவின் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கலாம், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பதிப்புரிமை பற்றிய பயமும் வேண்டாம். 1923-இல் வெளியான கவிதை, அமெரிக்காவில் 2019 ஜனவரி 1 முதல் பொதுச்சொத்து. நம் சட்டப்படி ஆசிரியர் இறந்த பிறகு 60 ஆண்டு. அது 2023 டிசம்பரோடு முடிந்துவிட்டது. பத்திகளுக்கு நடுவே ஒரு வரி இடைவெளி விடச் சொல்லுங்கள். அச்சுக்குப் போகும் முன் டார்க்குக்குப் பின்னால் இருக்கும் கமாவை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புரூஃப் ரீடர்,
பாளையங்கோட்டை